சொல்லிவிட்டுப் போன வேல்ச்சாமி

பரளச்சி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து முத்துமாரி போன் செய்தாள். "அக்கா, அவுக போயிட்டாக" என்றாள். பஸ் வந்து நின்றது, நான் ஏறவில்லை.

அவள் கணவர் வேல்ச்சாமியை உங்களில் பலர் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவராகத்தான் அறிவீர்கள். சிமெண்டோ வெங்காயமோ, பந்தல்குடி ரோட்டில் எந்த லோடு சொன்னாலும் ஏற்றிக்கொண்டு போவார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அருப்புக்கோட்டையில் என் பக்கத்து வீட்டுக்காரர். இடையில் ஒரே சுவர். அவர் பிள்ளை வளர்த்ததை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.

சோறு ஊட்டும்போது நாங்கள் எல்லோரும் கூப்பிடுகிற பூச்சாண்டி அவர் வீட்டுக்கு வந்ததே இல்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "பூச்சாண்டிக்குப் பயந்து தின்னா, புள்ளைக்குப் பசி எப்படிக்கா தெரியும்?" என்றார்.

தடுப்பூசி போட இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்தே கூட்டிப்போனோம். நான் என் மகனிடம் டாக்டர் மாமா மிட்டாய் தருவார் என்று சொல்லியிருந்தேன். அவர் தன் மகள் தர்ஷினியிடம், "வலிக்கும் பாப்பா. அழணும்னா அழு. அப்பா பக்கத்துலயே இருப்பேன்" என்றார். நர்ஸம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்படிச் சொன்னா எந்தப் பிள்ளை கையக் காட்டும்?" என்று கடிந்துகொண்டார். தர்ஷினி கையைக் காட்டினாள், அழுதாள், அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். மிட்டாயை நம்பி வந்த என் பிள்ளையை பெஞ்சுக்கு அடியிலிருந்து காலைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

அவரும் பிறக்கும்போதே இதெல்லாம் தெரிந்தவரில்லை. தர்ஷினி நடக்கப் பழகிய நாளில், நாமெல்லாம் செய்வதுபோல அவளுக்கு வேடிக்கை காட்டிவிட்டு, கொல்லைப்பக்கமாக நழுவி வேலைக்குப் போயிருக்கிறார். பிள்ளை கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று பொழுது சாயும்வரை தேடியிருக்கிறது. முத்துமாரி சொல்லக் கேட்டு ஆடிப்போய்விட்டார். "அழுத புள்ள செத்த நேரத்துல வெளையாடப் போயிரும்க்கா. தேடுற புள்ள தேடிக்கிட்டேதான் இருக்கும்" என்று என்னிடம் சொன்னார். அதன்பின் ஒருநாளும் அவர் சொல்லாமல் கிளம்பியதில்லை. காலையில் தர்ஷினி அழுவாள், பிறகு பிறந்த தம்பி கவினும் சேர்ந்து அழுவான். தெருவே கேட்கும்.

இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, மருந்துக்கும் கேட்காமல் போய், கடைசியாக மதுரைக்குக் கிளம்பிய மதியம் நானும் அங்கே இருந்தேன். கார் கொண்டுவந்த மச்சினன் மெதுவாகச் சொன்னான்: "மாமா, புள்ளைக தூங்குதுக. இப்பவே கெளம்பிருவோம்." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வேல்ச்சாமி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, பிள்ளைகளை எழுப்பச் சொன்னார்.

இருவரையும் மடியில் சாய்த்துக்கொண்டார். "அப்பாவுக்கு ஒடம்பு இனி நல்லாகாதாம் பாப்பா. இந்தத் தடவ நான் திரும்பி வரமாட்டேன். அம்மா ஒங்க கூடத்தான் இருப்பா" என்றார்.

தர்ஷினி வெகுநேரம் அவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். "அப்ப வண்டிய யாரு ஓட்டுவா?" என்று கேட்டாள்.

"வித்துரச் சொல்லியிருக்கேன்த்தா."

பிறகுதான் அழுதாள். அழுது முடிக்கும்வரை அவர் கிளம்பவில்லை. மச்சினன் வாசலுக்குப் போய்விட்டான். சாகப்போகிற ஒரு மனிதர் பிள்ளைகளின் அழுகைக்கு முன்னால் முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அப்படி ஒரு தைரியத்தை நான் எங்கும் கண்டதில்லை.

துக்க வீட்டில் அவருடைய தங்கை, கவினைத் தேற்றுவதற்காக, "அப்பா லோடு ஏத்திக்கிட்டு தூத்துக்குடி போயிருக்காகய்யா, வந்துருவாக" என்றாள். தர்ஷினி தம்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இல்லத்தே. அப்பா செத்துப் போயிட்டாக. எங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போனாக" என்றாள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். நேற்று வேலைக்குப் புறப்படும்போது, டிவியைப் போட்டுவிட்டு நழுவாமல், என் மகனிடம் வாசலில் நின்று, வேலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னேன். காலைக் கட்டிக்கொண்டு அழுதான். விடுவித்துக்கொண்டு நடந்தேன். தெருமுனை வரைக்கும் அவன் குரல் கேட்டது. இதையா அந்த மனிதர் தினமும் காலையில் செய்துவிட்டு வண்டி எடுத்தார்?