மேட்டில் விழாத ஈயம்

அன்றைக்குப் போலீஸ்காரர்கள் சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர். வாயில் விசிலோடு நின்று சுடச் சொல்லிக்கொண்டிருந்த ஹவில்தார். துப்பாக்கி பழுது பார்க்கிற ஆர்மரர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த போலீஸ் பையன்கள் நூறு பேருக்குக் குறையாது. அவர்களை இறக்கிவிட்டு லாரிக்கு அடியிலேயே துண்டை விரித்துத் தூங்கிப்போன டிரைவர். ஆடு மாடு உள்ளே வராமல் சிவப்புக் கொடியோடு காவல் நின்ற தலையாரி. அப்புறம் நானும் என் வீட்டுக்காரியும். எங்களுக்கு அங்கே உட்கார உரிமை இருந்தது. அவர்கள் சுடுகிற குண்டெல்லாம் போய்ப் புதைகிற மண்மேட்டை அந்த வருஷம் நான் ஏலம் எடுத்திருந்தேன்.

மேட்டை எடுப்பதென்றால் மண்ணை இல்லை, மண்ணுக்குள் கிடக்கிற ஈயத்தை. சுட்டபிறகு கீழே விழுகிற வெறுந்தோட்டாவை அவர்களே எண்ணிப் பொறுக்கிக் கொண்டுபோய்விடுவார்கள். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு ஒருத்தனும் வீட்டுக்குப் போக முடியாது. முன்னால் பறந்து போகிற குண்டுதான் மேட்டுக்குள் நசுங்கிக் கிடக்கும். உள்ளே ஈயம், மேலே செம்புத் தோல். தோண்டிச் சலித்து இரும்புச் சட்டியில் போட்டு உருக்கினால் செம்பு மிதக்கும், ஈயம் அடியில் நிற்கும். அந்தப் புகையில் இருமல் வரும், தலை வலிக்கும், ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது. இருந்தாலும் இரண்டுக்கும் விலை உண்டு. பேகம்பூரில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாய் எடுத்துக்கொள்வார்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளா லாரிகளுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வெங்காய மூட்டையோடு வழுக்கி விழுந்து இடுப்பு பிசகியது, அதிலிருந்து பாரம் தூக்க முடியாது. அதற்கப்புறம்தான் சிறுமலை அடிவாரத்தில் இந்த மேட்டுக்கு வந்தேன். பழைய காண்ட்ராக்டரிடம் கூலிக்குத் தோண்டினேன். அவர் காலத்தில் போலீஸ்காரர்கள் வைத்திருந்தது திரீ நாட் திரீ துப்பாக்கி. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் பூட்டை இழுத்துத் தள்ளினால்தான் அடுத்தது ஏறும். அதற்குள் சுடுகிறவனுக்கு மூச்சு ஆறிவிடும். மறுபடி கன்னத்தை வைத்து மறுபடி குறி பார்ப்பான். அதனால் அவர்கள் குறி பார்க்கிற ஒவ்வொரு அட்டைக்கும் நேர் பின்னால் மண்ணுக்குள் ஈயம் கூடு கட்டினதுபோல் ஒரே இடத்தில் கிடக்கும். மம்பட்டியை இரண்டு தடவை போட்டால் போதும், கூடை நிறைந்துவிடும்.

காண்ட்ராக்டர் போதும் என்று விலகினபோது நான் ஏலம் கேட்கலாமா என்று யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் கூடவே பயமும் வரும். அந்தச் சமயம் பார்த்து டீக்கடையில் ஒரு போலீஸ்காரர் சொன்னார். இனிமேல் திரீ நாட் திரீ கிடையாதாம், எஸ்.எல்.ஆர். வருகிறதாம். அது தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளுமாம், விரலை இழுத்துக்கொண்டே இருந்தால் போதுமாம். தானாக ஏறுகிற துப்பாக்கி என்றால் நிறையச் சுடுவார்கள். நிறையச் சுட்டால் நிறைய ஈயம். இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று நானும் எப்படியெல்லாமோ யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன், பயப்பட வேண்டிய இடத்தில் மட்டும் தைரியமாக இருந்துவிட்டேன்.

ஏலத்தொகை கட்ட பாய் எட்டாயிரம் கொடுத்தார். சரக்கு பூராவும் அவருக்கே போட வேண்டும், அதில் கழித்துக்கொள்வார், குறைந்தால் மீதியை நான் கையிலிருந்து தர வேண்டும். கையில் என்ன இருந்தது? இந்த மேட்டிலிருந்து வரவில்லையென்றால் மறுபடி மூட்டைதான். அந்த இடுப்போடு மூட்டை. நினைக்கும்போதே வலித்தது.

அதனால்தான் அன்றைக்கு வேலைவெட்டி இல்லாமல் இரண்டு பேரும் போய் உட்கார்ந்தோம். விசில் ஊதியது. முதல் வரிசை குப்புறப் படுத்துச் சுட ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஒரு வெடி, அப்புறம் செத்த நேரம் அமைதி, அப்புறம் இன்னொரு வெடி என்று வரும். இது அப்படி இல்லை, தகரக் கொட்டகைமேல் கல் கொட்டின மாதிரி இருந்தது. நான் அட்டையைப் பார்க்கவில்லை, மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருத்தனும் சுடுகிற முதல் குண்டுக்கு மேட்டில் மண் தெறித்தது. இரண்டாவதுக்கு மேட்டின் உச்சியில் தெறித்தது. மூன்றாவது, நாலாவதுக்கெல்லாம் மேட்டையும் தாண்டி, பின்னால் மலைச் சரிவில் புதருக்கு நடுவே புஸ் புஸ்ஸென்று தூசி எழும்பியது.

"அந்தா போகுது பாருங்க," என்றாள் வீட்டுக்காரி.

"எங்க?"

"மலைக்கு. உங்க ஈயம் சாமி கும்பிடப் போகுது."

மலை ஃபாரஸ்ட்காரர்களுடையது. மேட்டுக்கு அந்தப் பக்கம் மம்பட்டியோடு பார்த்தால் பிடித்து உள்ளே வைத்துவிடுவேன் என்று ஃபாரஸ்ட் கார்டு முன்பே சொல்லியிருந்தார். அங்கே எழும்புகிற ஒவ்வொரு தூசியும் என் காசு. ஒரு கட்டத்துக்கு மேல் எனக்குப் பார்க்கவே தெம்பில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தால் சத்தம் நின்றுவிடுமா?

ஒரே ஒரு பையன் மட்டும் எல்லாரும் முடித்தபிறகும் படுத்தே கிடந்தான். ஹவில்தார் அவன் தலைமாட்டில் போய் நின்றார்.

"ஏலே, தூங்குறியா?"

"இல்லீங்கய்யா. குறி ஆடுதுங்க. நின்னதுக்கப்புறம் சுடறேனுங்க."

"உனக்காக லாரி நிக்குமாடா? தலைவாழை இலை போட்டுப் பரிமாறச் சொல்லவா?"

வரிசையே சிரித்தது. பேச்சைக் கேட்டால் பையன் பழனிப் பக்கமாக இருக்க வேண்டும், முகம் சிவந்துபோய்விட்டது. ஆனாலும் நிதானமாகவே சுட்டான். அவன் அட்டைக்குப் பின்னால் மட்டும் மண் ஒரே இடத்தில் தெறித்தது. இவனைப்போல நூறு பேர் இருந்தால் என் கடன் அடைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஆர்மரர் லாரி நிழலில் எலுமிச்சஞ்சோறு தின்றுகொண்டிருந்தார். என் வயசுதான் இருக்கும். விரலெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனேன்.

"சார், துப்பாக்கி பழசா?"

"எதுக்குக் கேக்குற?"

"இல்ல, குண்டு பூராம் மலைக்குப் போகுதே."

"என் துப்பாக்கியைக் குத்தம் சொல்லாத. ஒவ்வொண்ணையும் நேத்துக் கழட்டி மாட்டியிருக்கேன். பொண்டாட்டி முகத்தைக்கூட அம்புட்டு நேரம் பாத்ததில்ல."

வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்து அவருக்கும் பேச உற்சாகம் வந்துவிட்டது.

"இது தானா ஏத்திக்கிறது எப்படின்னு தெரியுமா? குண்டைத் தள்ளுற புகை இருக்குல்ல, அதுல கொஞ்சத்தைத் திருடி ஒரு தண்டைப் பின்னால தள்ளுது. அது பழைய தோட்டாவைத் துப்பிட்டுப் புதுசை ஏத்திட்டு வரும். இம்புட்டு இரும்பு உள்ள முன்னயும் பின்னயும் ஓடுனா துப்பாக்கி சும்மா இருக்குமா? ஆடும். ஆடி அடங்கணும். அதுக்குள்ள இவனுங்க அடுத்ததை இழுத்துர்றானுங்க. மூக்கு மேல தூக்குது, குண்டு மலைக்குப் போகுது."

"அப்ப பழசுதான் நல்லதா சார்?"

"யார் சொன்னா? இது அதைவிட நல்லாச் சுடும், சுட விட்டாங்கன்னா. புகை அளவாப் போகணும், அதுக்கு ஒரு திருகு இருக்கு. கூடுனா உதைக்கும், குறைஞ்சா ஏறாது. குழல் முனையில நிக்கிற குறிமுள்ளு அசையக் கூடாது. கன்னம் ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல படியணும். இழுத்த விரலை வெடுக்குன்னு விடக் கூடாது. தோட்டா ஒரே பெட்டியா இருக்கணும், இன்னிக்கு வந்தது மூணு பெட்டி, மூணும் மூணு வருசத்துது. குழலு சூடாயிருச்சுன்னா ஆற விடணும். தொட்டுப் பாரு, தோசை சுடலாம்."

நான் தொடவில்லை. அவர் சோற்றை ஒதுக்கிவைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாத்துக்கும் மேல, துப்பாக்கியை அவனவன் கண்ணுக்குச் சரி பண்ணணும். அஞ்சு குண்டு சுட விட்டு, எங்க விழுதுன்னு பாத்து, முள்ளைத் திருப்பி வைக்கணும். இங்க முப்பது துப்பாக்கி, நூறு பய. ஒருத்தனுக்கு வச்சதை இன்னொருத்தன் சுடுறான். என் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நீ பஸ் போர்டு படிக்கிற மாதிரி."

"சரி பண்ணிச் சுடச் சொல்லலாமே சார்?"

"நேரம் எங்க இருக்கு? சாயங்காலம் இந்த லாரி பழனிக்குத் திருவிழா பந்தோபஸ்துக்குப் போகணும். முடிச்சாச்சுன்னு எழுதணும். அதான் வேணும்."

எல்லாம் கடைசியில் அவசரம்தான். வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேசாம உக்காருங்க," என்றாள். உட்கார முடியவில்லை. ஹவில்தாரிடம் போய்க் கும்பிட்டு நின்றேன். பையன்களைக் கொஞ்சம் மெதுவாகச் சுடச் சொல்லுங்கள், துப்பாக்கியைச் சரி பண்ணிக் கொடுங்கள் என்று ஒருவாறு சொல்லி முடித்தேன்.

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "யோவ், பழைய இரும்பு பொறுக்குறவன் எனக்கு ஃபயரிங் சொல்லித் தாரியா?" என்றவர், பையன்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களாடா? இந்தாளு வீட்டுல அடுப்பு எரியணுமாம். எல்லாரும் கறுப்புப் புள்ளியில சுடுங்கடா."

மறுபடி ஒரு சிரிப்பு. அவமானம் எனக்குப் பழகினதுதான். பயம்தான் பழகவில்லை. சாயங்காலம் வரை மலையில் தூசி எழும்பிக்கொண்டே இருந்தது.

அட்டைகளை எண்ணிப் பார்த்தபோது பாதிப் பேருக்கு மேல் ஃபெயில். இன்ஸ்பெக்டர் குடையை மடக்கிவிட்டு ஹவில்தாரைப் பேசின பேச்சு லாரி டிரைவரையே எழுப்பிவிட்டது. பழனிக் கூட்டமெல்லாம் முடிந்து, ஃபெயிலானவர்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை ஆர்மரருக்குக் காலை முழுக்கக் கொடுத்தார்கள். ஐந்து ஐந்து குண்டாகச் சுடவிட்டு, ஒவ்வொருத்தனுக்கும் முள்ளைத் திருப்பி வைத்தார். வரிசை வரிசையாக நிதானமாகச் சுட்டார்கள். மலை சும்மா இருந்தது. பழைய காலம் மாதிரி மேட்டில் ஒரே இடத்தில் மண் குதித்தது. ஆர்மரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்குச் சந்தோஷப்படத்தான் தோன்றியது. ஆனால் பெட்டியைப் பார்த்தால் தோட்டா கொஞ்சம்தான். அந்த வருஷத்துக்கென்று கொடுத்த தோட்டாவில் பெரும்பாகம் முதல் நாளிலேயே தீர்ந்துபோயிருந்தது.

கொடி இறங்கினபிறகு இரண்டு பேரும் தோண்டினோம். கடைசி நாள் சுட்ட இடங்களில் கொத்தாகக் கிடைத்தது. மற்ற இடமெல்லாம் ஒரு கூடை மண்ணைச் சலித்தால் இரண்டு, மூன்று. அவள் சல்லடையைப் பிடிப்பாள், நான் அள்ளிப் போடுவேன். என்னால் நிமிர முடியாதபோது அவள் மம்பட்டியை வாங்கிக்கொள்வாள். மேட்டைத் தாண்டி மலைப் பக்கம் இரண்டு பேரும் பார்க்கவே இல்லை.

உருக்கின கட்டிகளைச் சாக்கில் கட்டி, டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் திட்டு வாங்கி, பாய் கடைக்குக் கொண்டுபோனோம். அவர் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் சாக்கு இருக்கிறதா என்பதுபோல் வாசலை எட்டிப் பார்த்தார்.

"அம்புட்டுத்தானா தம்பி?"

"மிச்சம் மலைக்குப் போயிருச்சு பாய்."

"மலைக்கா காசு குடுத்தேன்? உன் கையிலதான குடுத்தேன்."

எஸ்.எல்.ஆர். எப்படி ஆடி அடங்குகிறது, முள்ளை ஏன் திருப்ப வேண்டும் என்றெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுஷன். கேட்டு முடித்துவிட்டு, "இதெல்லாம் ஏலத்துக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும்ப்பா," என்றார். என் வீட்டுக்காரிக்கு ஒரு டீ சொன்னார். கசடுக்கும் மண்ணுக்கும் கழித்து நாலாயிரத்து அறுநூறு வரவு வைத்தார்.

அடுத்த ஏலத்துக்கு நான் போகவில்லை. இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி ஒட்டன்சத்திரம் போனேன். கனமில்லாத சரக்காகப் பார்த்து ஏற்றினேன், முட்டைக்கோஸ், பீன்ஸ் மாதிரி. வாரக்கூலியில் கொஞ்சம் கொஞ்சமாக பாய்க்குக் கொடுத்துவந்தேன். அப்புறம் ஒருநாள் குனிந்தவன் நிமிரவில்லை, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார்கள். அதோடு அந்த வேலையும் முடிந்தது. பாய் ஆள் அனுப்பிக் கேட்கவில்லை. பேகம்பூர் வழியாகப் போக வேண்டியிருந்தால் நான்தான் சுற்றிப் போவேன். தர வேண்டிய பாக்கி தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.