சூடு காட்டாத சடை

1. ட்ரையல்

மணப்பெண் அலங்காரத்துக்கு என்னைக் கூப்பிடாத வீடு ஸ்காபரோவில் குறைவு என்று பெருமையடித்துக்கொள்வேன். அந்தப் பெருமையோடுதான் நியாவின் தலையிலும் சீப்பை வைத்தேன். உச்சியிலிருந்து கீழே ஒரே இழுவை. இருபது வருடமாக எங்கள் பெண்களுக்கு அப்படித்தான். சீப்பின் இரண்டு பற்கள் உடைந்து விழுந்தன.

நியா கறுப்பினப் பெண், பெற்றோர் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். மாப்பிள்ளை எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மில்லிக்கன் பகுதியில் இருக்கும் என் பேஸ்மென்ட் சலூனுக்கு அவளை ட்ரையலுக்குக் கூட்டிவந்தவர் மாப்பிள்ளையின் தாய், சறோக்கா.

"உந்தச் சுருளை அயர்ன் பண்ணி நீட்டிப்போட்டு, சவரியை வைச்சு இடுப்புக்குச் சடை விடும், மஞ்சு. சபை பாக்கிற சடை," என்றார். சவரி என்றால் பொய்முடி. என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

அயர்ன் சூடானதும் நியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு வருடமாகச் சூடு காட்டாமல் வளர்த்த தலைமுடியாம். ஒருமுறை சுட்டால் சுருள் திரும்பி வராமலே போகலாமாம். இங்கிலிஷில் மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் பிடியை விடவில்லை.

அவள் முடி தோளில்தான் முட்டிக்கொண்டு நின்றது. "எட்டு வருஷத்துக்கு உவ்வளவுதானோ?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நியா சிரித்தபடி ஒரு சுருளைப் பிடித்து இழுத்தாள். அது இடுப்பைத் தொட்டது. விட்டதும் தோளுக்கே ஓடிப்போனது.

சறோக்கா அசரவில்லை. "மணவறையிலை ஆள் வைச்சு இழுத்துப் பிடிக்கேலுமே?"

ஈரத்தில் பின்னிக் காயவிட்டால் சூடில்லாமலே நீளும் என்றாள் நியா.

"சரி, கலியாணக் காலமை பாப்பம். இடுப்புக்கு வராட்டி அயர்ன்தான்," என்று சறோக்கா தீர்ப்புச் சொன்னார். நியாவின் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "நான் வரப்பண்ணுறன்," என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

2. கலியாணத்துக்கு முதல்நாள்

ஒரு மணப்பெண்ணை ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்து அனுப்புகிறவள் நான். அன்றைக்குத் தலைக்கு மட்டும் மூன்று மணித்தியாலம் போனது. ஈரமுடியைச் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து, கண்டிஷனரை அள்ளிப் பூசி, முதலில் விரலால் சிக்கெடுக்க வேண்டும். பிறகு அகலப் பல் சீப்பு, அதுவும் நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே. நான் அவசரப்பட்ட நேரமெல்லாம் நியா என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினாள்.

பன்னிரண்டு பின்னல் பின்னி, சாட்டின் துணியால் தலையைக் கட்டினோம். பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சி முடியை உடைத்துவிடுமாம். எனக்கு அப்போதுதான் விளங்கியது. முடி எல்லோருக்கும்தான் வளர்கிறது. இவள் எட்டு வருடமும் அதை உடைய விடவில்லை.

3. கலியாணக் காலமை

விடியக்காலையில் நான் போய்ச் சேரும்போதே சறோக்கா அயர்னைப் பிளக்கில் செருகி வைத்திருந்தார். முதலில் அவர் கொண்டையை முடித்துக் கொடுத்தேன். பிறகு நியாவின் பின்னல்களை அவிழ்த்தேன். ஒவ்வொன்றும் அலையலையாக இறங்கி இடுப்பில் வந்து நின்றது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சடையாகப் பின்னினேன். சடைநாக நகையின் கொக்கிகள் சடையைச் சுற்றி எட்டவில்லை, அவ்வளவு தடிப்பு. நூல் போட்டுத்தான் கட்டினேன்.

"எந்தச் சவரி வைச்சனீர்?" என்று கேட்டுக்கொண்டே சறோக்கா சடையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"மாமி, மெல்ல. அது வேரோட இருக்கு," என்றாள் நியா, தமிழில்.

சறோக்கா கையை எடுத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அயர்னைக் கழற்றியதும் அவர்தான்.

இப்போதெல்லாம் எந்தத் தலையைத் தொடும்முன்னும் ஒன்று கேட்கிறேன்: "உங்கடை தலைக்கு என்ன செய்யக்கூடாது?" தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களும் சீப்பை எடுக்கும்முன் இதைக் கேளுங்கள்.

அன்றைக்கு மண்டபத்தில் சறோக்கா மேசை மேசையாகப் போய், "உது சவரியில்லை, என்ரை மருமகளின்ரை சொந்தத் தலைமயிர்," என்று சொல்லித் திரிந்தார். அவருடைய கொண்டைக்குள் நான் வைத்த சவரியைப் பற்றி நாங்கள் இருவருமே வாய் திறக்கவில்லை.