மச்சானும் நானும் பூட்டிய உழவு மெசின்

கிண்ணியாவில் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்வளவில், பூவரச வேர்களுக்குள் பாதி புதைந்து கிடந்தது அது. இரண்டு சில்லு, நீளமான கைபிடி, முன்னால் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், மேலெல்லாம் கறள். அதைக் கண்டுபிடித்தவன் என் மனைவியின் தம்பி. அவனுக்குத் தம்பலகாமத்தில் வயல் இருக்கிறது. நான் உப்புவெளியில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன்.

"அத்தான், ரெண்டு பேருமாச் சேர்ந்து அதைத் திருத்திப் பூட்டுவமே? மாரி மழையோட பெரும்போக உழவுக்கு இறக்கலாம்" என்று வீட்டு வாசலில் வந்து நின்றான். எனக்கும் அவனுக்கும் அப்போது மூன்று மாதமாகக் கதை பேச்சு இல்லை. அவன் இறங்கி வந்ததே பெரிய விசயம்.

கதை இல்லாமல் போனதற்குக் காரணம் நான்தான். ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் அவன் என் வழுக்கையைப் பற்றிப் பகிடி விட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எழும்பி அவன் கன்னத்தில் ஒன்று விட்டேன். சோறு, பாயாசம், இலை எல்லாம் நிலத்தில். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி சத்தம் போடவில்லை.

"இஞ்சாருங்கோ, இன்னொருக்கா ஆர் மேலயும் கை நீட்டினீங்களெண்டா நான் இந்த வீட்டில இருக்கமாட்டன். சொல்லிப்போட்டன்."

அவள் சும்மா சொல்கிறவள் அல்ல. பதினெட்டு வருடத்தில் சொன்ன ஒன்றையும் அவள் செய்யாமல் விட்டதில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவள் இல்லாத வீட்டில் ஒரு கிழமைகூட என்னால் இருக்க ஏலாது.

அதனால் மெசினை எங்கள் முற்றத்துக்கு ஏற்றி வந்து, கோபத்தையெல்லாம் அதில் இறக்கினேன். அதுவும் லேசான எதிரி இல்லை. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. மூன்று நாள் டீசலில் ஊறவிட்டு, மரக்கட்டையை வைத்து மச்சான் பிடிக்க, பெரிய சம்மட்டியால் நான் அடித்தேன். நாசமாய்ப் போவாய், சனியனே, கழண்டு வா என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஏச்சு. ஒரு அடி தவறி அவன் விரலுக்குப் பக்கத்தில் இறங்கியது. அவன் கையை எடுக்கவில்லை. "அடியுங்கோ அத்தான், அசையுது" என்றான். நாலாம் நாள் பிஸ்டன் பிய்த்துக்கொண்டு வந்தது. இறுகிய போல்ட்டுகளை உளியால் வெட்டினோம், நெருப்புக் காட்டி முறித்தோம். என் இரண்டு கையிலும் தோல் மிஞ்சவில்லை. ஆனால் வீட்டில் ஒருவரையும் அடிக்கவில்லை. மனைவி பின்னேரத்தில் எங்கள் இருவருக்கும் சேர்த்துத் தேத்தண்ணி கொண்டுவரத் தொடங்கினாள்.

டீசல் பம்பை மச்சான் பூட்டினான். ஒரு சாமான் கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை பிந்தியது. எங்கள் பக்கம் எஞ்சினைச் சும்மா விட்டால் உப்புக்காற்று தின்றுவிடும். வள்ளத்து எஞ்சினைக் கரையில் ஏற்றி வைக்கும்போது, அது காற்றை இழுக்கும் வாய்க்குள் எண்ணெய் விட்டுவைப்பது எங்கள் வழக்கம். மறுபடி இயக்கும்போது கொஞ்சம் புகைக்கும், அவ்வளவுதான். நானும் யோசிக்காமல் ஒரு போத்தல் எண்ணெயை இதன் காற்று வடிகட்டிக்குள் கவிழ்த்துவிட்டேன். மச்சானிடம் சொல்லவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிறு காலை, நாலு மரக்குற்றியில் ஏற்றிவைத்து இயக்கினோம். இரண்டாம் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. மச்சான் துள்ளினான். அடுப்பை விட்டு வந்து குசினி வாசலில் நின்ற மனைவி கை தட்டினாள். பிறகு சத்தம் ஏறியது. வேகத்தைக் குறைத்தேன், ஏறியது. டீசல் குழாயை மூடினேன், இன்னும் ஏறியது. கரும்புகை முற்றத்தை மூடியது. மரக்குற்றிகள் சிதறின. மெசின் நிலத்தில் விழுந்து, அலறிக்கொண்டு, துள்ளித் துள்ளிப் போய்க் குசினிச் சுவரை இடித்தது. கல் பெயர்ந்து விழுந்தது. புகைக்குப் பயந்து உள்ளே போன என் மனைவி சுவருக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் டீசல் குழாயையே திரும்பத் திரும்பத் திருகினேன். மச்சான்தான் போட்டிருந்த சேட்டைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு பாய்ந்தான். காற்று இழுக்கும் வாயில் அதைத் திணித்து, நெஞ்சால் அமத்தினான். எஞ்சின் இரண்டு தரம் உதறி நின்றது.

அவன் நிமிர்ந்து, மூச்சு வாங்க, என்னைப் பார்த்துச் சிரித்தான். "தப்பிட்டம் அத்தான்."

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பியது. "பம்பைப் பிழையாப் பூட்டிப்போட்டுச் சிரிக்கிறியோடா? அக்காவைக் கொல்லப் பாத்தியே!" என்று வாயோடு சேர்த்துக் குத்தினேன். அவன் பின்னால் சரிந்து, கொதித்துக் கிடந்த புகைக்குழாயில் விழுந்தான். அவன் முழங்கைத் தோல் அதில் ஒட்டிக்கொண்டது. அந்த மணம் எனக்கு இன்னும் போகவில்லை.

அவன் திருப்பி அடிக்கவில்லை. இரத்தத்தைத் துப்பிவிட்டு, "பம்ப் இல்லை அத்தான். பம்ப் எண்டா டீசலை மூடினவுடன நிண்டிருக்கும். காத்து வழியா என்னவோ போயிருக்கு. கழட்டிப் பாருங்கோ" என்றான்.

வடிகட்டியைக் கழற்றினேன். மிச்ச எண்ணெய் என் காலில் ஊற்றியது. அவ்வளவு நேரமும் எஞ்சின் எரித்தது டீசலை அல்ல, நான் விட்ட எண்ணெயை.

மனைவி தம்பியின் கையைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்று, "பிழை என்ரதான். எண்ணெய் விட்டது நான்" என்றேன். சொன்னதும் பாதிப் பாரம் இறங்கியது போல இருந்தது. உண்மையைச் சொன்னால் மன்னித்துவிடுவாள் என்று நினைத்தேன். மடையன்.

"எண்ணெய் ஆர் விட்டதெண்டு நான் கேக்கேல்லை" என்றாள். "அவனே விட்டிருந்தா? அடிச்சது சரியோ?"

என் வாய்வரை வந்த பதில் "ஓம்" என்பதுதான். பல்லைக் கடித்து அடக்கினேன். ஆனால் அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய் ஒரு உடுப்புப் பையோடு வந்தாள். ஆட்டோவில் தம்பியை ஏற்றித் தானும் ஏறினாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அன்புவழிபுரத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த மாரியில் மச்சான் கையில் கட்டோடு வந்து, மெசினை ஏற்றிக்கொண்டு போனான். அவன் இப்போது என்னோடு கதைக்கிறான். அவள் கதைப்பதில்லை.