செவ்வாய், வெள்ளிக்கு ஒரு ரேசர்

மும்பை செம்பூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தபோது, முகத்தில் தாடி இருக்கக் கூடாது என்றார்கள். எட்டாம் வகுப்போடு ஊரை விட்டுக் கிளம்பிய நான் அதுவரை ஆறு வேலை பார்த்திருந்தேன். எங்கேயும் முகத்தைப் பற்றிப் பேச்சு வந்ததில்லை.

முதலில், நான் தங்கியிருந்த தாராவியில் ஒரு சலூனுக்குப் போனேன். ஒரு சேவிங் ஐம்பது ரூபாய். ஒரே வாரத்தில் அது சாப்பாட்டுக் காசில் இடித்தது. அப்புறம் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே மூன்று பிளேடு ரேசர் ஒன்றை நூற்றைம்பதுக்கு வாங்கினேன். வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு வாரத்தில் மழுங்கிவிட்டது. மாற்றுத் தலை கேட்டு எங்கள் சந்துக் கடைக்குப் போனால், நான்கு சேர்ந்த பாக்கெட் ஐந்நூறுக்கு மேல்.

"முழு ரேசரே நூத்தம்பதுதானே அண்ணே?"

"பிடிய வித்து எவன் தம்பி லாபம் பாத்தான்? எல்லாம் தலையிலதான்."

யூஸ் அண்ட் த்ரோ இருபது ரூபாய். மூன்று நாள் வரும் என்பார்கள். என் தாடி தேங்காய் நார். முதல் நாள் வழிக்கும், இரண்டாம் நாள் பிடுங்கும். கடைசியில், இரண்டு பக்கமும் கூர் உள்ள பிளேடு போடும் பழைய மாதிரி இரும்பு ரேசருக்கு வந்து சேர்ந்தேன். நூற்றிருபது ரூபாய். ஐந்து பிளேடு இருபது ரூபாய், ஒரு பிளேடு நான்கு நாள் ஓடும். சலூனில் ஒரு தடவை கொடுத்ததில் ஒரு மாதத்துக்கு மேலேயே கழிந்தது.

அத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் மாதம் புது சூப்பர்வைசர் வந்தார். பழையவர் கண்ணால் பார்ப்பதோடு சரி, முந்தின மாலை வழித்திருந்தாலே போதும். இவர் காலை ஏழு மணிக்கு வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு கன்னத்தையும் புறங்கையால் தேய்த்துப் பார்த்தார். சொரசொரத்தால் அன்றைய சம்பளம் இல்லாமல் வீடு. மூன்று தடவை என்றால் வேலையே இல்லை.

தினமும் காலையில் வழிக்கலாம்தான். ஆனால் நாங்கள் ஏழு பேர் இருந்த அறை ஓர் அண்ணாச்சியின் பொறுப்பில் இருந்தது. சுவரில் முருகன் படம். செவ்வாய், வெள்ளியில் அறைக்குள் பிளேடு எடுக்கக் கூடாது. வெளிக் குழாயடியில் காலையில் குடங்கள் வரிசை கட்டி நிற்கும், நின்று வழிக்க இடமிருக்காது. சலூன் திறக்க எட்டு மணியாகும். ஒரு செவ்வாயும் ஒரு வெள்ளியும் திருப்பி அனுப்பப்பட்டேன்.

"அண்ணாச்சி, இன்னொரு தரம் அனுப்புனாம்னா வேல போச்சு. காலைல ஒரு அஞ்சு நிமிசம்..."

"எலே, இது ஒனக்கு எத்தனாவது வேல?"

"ஏழாவது."

"பொறவு என்ன? எட்டாவது பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இந்த வேலையை விட மனமில்லை. உட்காரச் சம்பளம் தரும் வேலை அதற்கு முன் கிடைத்ததில்லை.

இரும்பு ரேசரைச் செம்பூருக்குக் கொண்டுபோக யோசித்தேன். லோக்கல் ரயில் நெரிசலில் பையில் பிளேடோடு பிடிபட்டால் பிக்பாக்கெட் என்றுதான் நினைப்பார்கள். அதனால் பிடுங்கும் என்று ஒதுக்கிய யூஸ் அண்ட் த்ரோவையே, செவ்வாய்க்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று என்று வாங்கினேன். விலை அதிகம்தான். ஆனால் முதல் நாள் வழிப்பு போதுமே.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு, பார்க்கிங்கில் நின்ற ஒரு பைக்கின் கண்ணாடியைத் திருப்பி, பாட்டில் தண்ணீரும் குளியல் சோப்பும் வைத்து வழித்தேன். அவசரத்தில் தாடையில் வெட்டிக்கொண்டேன். சூப்பர்வைசர் தேய்த்தபோது அவர் கையில் ரத்தம் ஒட்டியது. முகம் சுளித்து, கையைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"சல், அந்தர் ஜா," என்றார். உள்ளே போனேன்.

மாலையில் அண்ணாச்சி உற்றுப் பார்த்தார்.

"என்னடே, செவ்வாக்கெழம மொகம் மின்னுது?"

"செம்பூர்ல வச்சு பண்ணுனேன் அண்ணாச்சி."

"ரூம்ல இல்லல்லா?"

"இல்ல."

"அப்பம் சரி. முருகன் செம்பூர் வரைக்கும் வரமாட்டாரு."

அந்த மாதக் கடைசியில் எனக்கு இரண்டாவது யூனிபார்ம் சட்டை தந்தார்கள். வேலை நிரந்தரமானவர்களுக்கு மட்டும்தான் இரண்டு.