மாமாவின் கந்தோர் மேசை

யுத்த காலத்தில் என் மாமா வாங்கிய மெடல் எதற்காகக் கிடைத்தது என்று இன்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கன காலம் வரைக்கும், கந்தோரில், அதாவது ஆபீசில், பைல்களை ஒழுங்காக அடுக்கி வைத்ததற்காகவே வெள்ளைக்கார அரசாங்கம் அவருக்கு அதைக் குத்திவிட்டது என்ற கதைதான் எங்கள் வீட்டில் நின்று பிடித்தது. அந்தக் கதையைக் கட்டியவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

அப்பாவுக்கு மலைநாட்டில் ரயில்வே உத்தியோகம். என் இங்கிலீஷ் படிப்புக்காகக் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் அம்மாவின் அண்ணன் வீட்டில் என்னை விட்டிருந்தார்கள். பிள்ளை இல்லாத வீடு, ஆகையால் எனக்குச் செல்லம் கொஞ்சம் கூடத்தான். மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மாமி காரைநகர்க்காரி. மாமியின் தகப்பனும் தமையனும் ஒரே தோணியில் போய்த் திரும்பி வராதவர்கள். கடலில் போகாத மாப்பிள்ளை என்றால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றாராம். தனக்குக் கந்தோரில் மேசை வேலை என்று சொல்லித்தான் மாமா தாலி கட்டினார். அன்றைக்கு அது உண்மைதான்.

யுத்தம் தொடங்கியதும் மாமா வெள்ளைச் சீருடையோடு வந்து நின்றார். மாமியின் முகம் மாறியது.

“கந்தோரில இருக்கிற ஆக்களுக்கும் இப்ப இதுதான் உடுப்பு,” என்றார் மாமா.

“ஒருநாள் போட்டில ஏறினீங்கள் எண்டு அறிஞ்சாலும் நான் ஊருக்குப் போயிடுவன். பிறகு என்னைத் தேடி வரக்கூடாது,” என்றார் மாமி.

அதற்குப் பிறகு மாமாவின் உத்தியோக உயர்வெல்லாம் எங்கள் வீட்டுக்கு மேசையாகவே வந்து சேர்ந்தது. முதலில் யன்னலோர மேசை. அடுத்ததாக லாச்சி, அதுதான் இழுப்பறை, பூட்டிய மேசை. கடைசியில், மேலே ஃபேன் சுற்றும் தனி அறையில் பெரிய மேசை. ஒவ்வொரு மேசைக்கும் மாமி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். மாமாவின் மேசையைப் பற்றி நான் பள்ளிக்கூடத்தில் அளந்த பெருமையைக் கேட்டவர்கள், அவர் கவர்னருக்கு அடுத்த ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். மாமியும் நானும் கட்டிலுக்குக் கீழே கிடந்தோம். மாமா மறுநாள் மத்தியானம்தான் வீட்டுக்கு வந்தார். இரண்டு புருவமும் இல்லை. சேட்டின் ஒரு கை எரிந்து, மிச்சமெல்லாம் கறுப்பு எண்ணெயாக இருந்தது.

“தேத்தண்ணி வைக்கப்போய்க் கந்தோர் ஸ்டவ் வெடிச்சுப்போச்சு. உந்தச் சேட்டை எறிஞ்சுபோடும்,” என்றார்.

மாமி அவர் முகத்தில் தேங்காயெண்ணெய் பூசிவிட்டார். நான் முழுதாக நம்பினேன். அதன் பிறகு ஸ்டவ் பக்கமே போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

புருவம் முளைத்துக் கன நாளைக்குப் பிறகு, கிரீடம் அச்சிட்ட ஒரு கடிதம் வந்தது. மாமிக்கு இங்கிலீஷ் தெரியாது, நான்தான் வாசித்தேன். மாமாவுக்கு மெடல், துறைமுகத்தில் விழா, குடும்பத்தாரும் வரலாம்.

“சின்ன விசயம். நீர் உந்த வெயிலுக்க வந்து கஷ்டப்படவேண்டாம்,” என்றார் மாமா.

“நான் வருவன்,” என்றார் மாமி.

கூறைச் சேலை கட்டிக்கொண்டு, என்னையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்தார். எங்களை முன் வரிசையில் விட்டார்கள். மாமா எதிரே விறைப்பாக நின்றார். ஒரு வெள்ளைக்கார அதிகாரி தாளை விரித்து வாசிக்கத் தொடங்கினார்.

அந்தத் தாளில் மேசையே இல்லை. மாமா காவல் படகில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தார், பிறகு ஒரு படகுக்குத் தலைவரானார், இப்போது எல்லாக் காவல் படகுகளுக்கும் பொறுப்பானவர் என்று இருந்தது. குண்டு விழுந்த அன்று, எண்ணெய் பரவி எரிந்த தண்ணீருக்குள் மூன்று தரம் படகை விட்டார், கடைசித் தரம் தானே குதித்தார், பதினொரு மாலுமிகளை உயிரோடு கொண்டுவந்தார் என்று இருந்தது.

இவர் என் மாமா என்று துறைமுகம் முழுக்கக் கேட்கக் கத்த வேண்டும் என்று துடித்தேன். அப்போதுதான் மாமா என்னைப் பார்ப்பதைக் கண்டேன். எரியும் எண்ணெய்க்குள் போன மனிதர், பத்து வயதுப் பிள்ளையின் வாயைப் பார்த்துப் பயந்துபோய் நின்றார்.

“என்ன பிள்ளை வாசிக்கிறான்?” என்று மாமி கேட்டார்.

“மாமா பைலெல்லாம் ஒழுங்கா வைச்சிருந்தவராம், மாமி.”

“அதுக்கோ மெடல்?”

“ஓம். குண்டு விழேக்கையும் விட்டிட்டு ஓடேல்லையாம்.”

மாமி எதிரே நின்ற மாமாவைப் பார்த்தார்.

“எத்தினை பைலாம்?”

“பதினொண்டு.”

“பதினொண்டும் பத்திரமோ?”

“ஓம் மாமி. பதினொண்டும் பத்திரம்.”

மாமி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தமில்லை, தலை மட்டும் நிமிர்ந்தே இருந்தது. பைலுக்குப் போய் இப்படி அழுகிறாரே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் என் கெட்டித்தனத்தில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமியின் வாழ்க்கையையும் மாமாவின் கடலையும் ஒரே பொய்யில் காப்பாற்றிவிட்டேன் அல்லவா!

வீட்டுக்கு வந்ததும் மாமா மெடலைக் கழற்றி மாமியிடம் கொடுத்தார். “அடுத்த மேசை எப்பிடி?” என்று கேட்டார் மாமி. “இதைவிடப் பெரிசு கிடையாது,” என்றார் மாமா. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

பிறகு மாமி தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கூறைச் சேலையை மடித்து வைக்கும் இடத்தில், தோய்த்துத் தேய்த்து மடித்தபடி, ஒரு கை எரிந்த வெள்ளைச் சேட்டு இருந்தது. எவ்வளவு தோய்த்தும் எண்ணெய்க் கறை போகவில்லை. மாமி அதன் நெஞ்சுப் பக்கத்தில் மெடலைக் குத்தி, பெட்டியைப் பூட்டினார்.

எனக்குச் சரியான கோபம். இவ்வளவு நல்ல பட்டுச் சேலைகள் இருக்க, அரசாங்கம் கொடுத்த மெடலைப் போயும் போயும் அந்தப் பழுதாய்ப்போன சேட்டிலா குத்தி வைப்பார்கள்!