வடிகட்டிய வசவு

சாயத் தொழிற்சாலையின் வக்கீலம்மாவுக்குச் சட்டம் பாதி வேலை, வசவை வடிகட்டுவது மீதி வேலை.

"கழிவுநீர் விதியை எழுதினவனுக்கு மண்டையில ஒண்ணுமில்ல" என்று முதலாளி குதித்தால், வக்கீலம்மா அமைச்சக அதிகாரியிடம் போய், "ஐயா, முதலாளிக்கு ஒரு சின்னச் சந்தேகம்" என்பார். அதிகாரி, "உங்க முதலாளி பக்காத் திருடன்" என்றால், முதலாளியிடம், "உங்களுக்கு விளக்கமா சொல்ல ஆசைப்படுறார்" என்பார்.

பல வருஷம் கழித்து, வக்கீலம்மாவும் கூட இருக்க, முதலாளியும் அதிகாரியும் முதல்முறையாக அதிகாரியின் அறையில் நேரில் சந்தித்தார்கள்.

"இவ்வளவு தங்கமான மனுஷரா நீங்க! நமக்கு நடுவுல எதுக்கு இன்னொரு ஆள்?" என்று முதலாளி கைகுலுக்கினார். அதிகாரியும் தலையாட்டினார்.

வக்கீலம்மா கதவைச் சாத்திவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னார். டீ ஆறுவதற்குள் உள்ளே மேஜை தட்டும் சத்தம். கதவு திறந்தது. சிவந்த முகங்கள் இரண்டு எட்டிப் பார்த்தன.

"இவர்கிட்ட கொஞ்சம் சொல்லுங்கம்மா!"

வக்கீலம்மா டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.