முப்பதாவது நிமிடம்

அக்காவின் கழுத்தில் டைமர் தொங்கும். ஆனாலும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, எதிரே வருபவரிடமும் மணி கேட்டுவிட்டுத்தான் ரத்த அணுக்களில் மருந்தை விடுவார். கிருமி வந்ததுபோல் அணுவை ஏமாற்றும் மருந்து அது. ஆய்வகத்தில் 'டைமர் அக்கா' என்றால்தான் தெரியும். இருபத்தாறு வருடமாக அதே மேசை. கால் வீங்குவதால் செருப்பு வாரைத் தளர்த்தியிருக்கிறார். அவருடைய நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால் முகம் சுண்டிவிடும்.

என்ன வேலை என்று கேட்டால் வீட்டுக்காரரை இழுப்பார். "அணுவுக்குள்ள ஒரு புரதம் சும்மா உக்காந்திருக்கும், எங்க வீட்டுக்காரர் மாதிரி. கிருமின்னு சேதி வந்தா எந்திரிச்சு உட்கருவுக்குள்ள போகணும், தூங்குற ஜீனையெல்லாம் தட்டி எழுப்பணும். அரை மணில உள்ள இருக்கும். ஒரு மணி ஆச்சுன்னா வெளிய வந்துடும். நடுவுல புடிச்சுப் பாக்கணும், அவ்ளோதான்."

செவ்வாயன்று வந்தது எட்டு மாதக் குழந்தையின் ரத்தம். மூன்று முறை நிமோனியா. புரதம் உள்ளே போகவில்லை என்றால் எலும்பு மஜ்ஜை மாற்றும் பேச்சு தொடங்கிவிடும். ஒப்பிடுவதற்குத் தன் ரத்தத்தையே எடுத்து அந்தச் சோதனையைக் காலையிலேயே முடித்திருந்தார். மாமியாரின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மூன்று இரவு விழித்த உடம்பு. குழந்தையின் ரத்தத்தில் மருந்தை விட்டு உட்கார்ந்தவருக்கு டைமர் அடித்தது கேட்கவில்லை. நாற்காலியில் கண் விழித்தபோது ஒரு மணி நேரம் தாண்டியிருந்தது.

நுண்ணோக்கியில் அவருடைய உட்கருக்கள் சாயமேற்றிய புரதத்தால் பளிச்சென்றிருந்தன, குழந்தையுடையவை இருட்டு. டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார்.

"எழுதாதீங்க சார். நான் கண்ணசந்துட்டேன். புரதம் போயிட்டுத் திரும்பியிருக்கலாம், போகாமலேயும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது."

"மறுபடியும் குத்தணுமே. நரம்பு கெடைக்காம நாலு தடவை குத்தியிருக்காங்க."

"அந்தம்மாகிட்ட நானே சொல்றேன் சார்."

சொன்னார். குழந்தையின் தாய் சத்தம் போடவில்லை. "நீங்களும் தூங்கலையாக்கா?" என்று மட்டும் கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு.

மறுநாள் காலை புது ரத்தம் வந்தது. மருந்தை விட்டு டைமரை அழுத்தினார். பிறகு தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். தோளில் குழந்தையோடு சுவரில் சாய்ந்து நின்றவளின் அருகே அதைப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, டைமரைக் கையில் பிடித்தபடி மேசையருகே நின்றார்.